காரைக்குடியில் ஒரு சனிக்கிழமை வகுப்பு: கானாவின் பாதுகாப்பு அமைச்சர்

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைச் சென்னைக்கோ டெல்லிக்கோ அனுப்ப முடியாத பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். காரைக்குடி செக்காலை சாலையில், ஒரு துணிக்கடை மாடியில் நடக்கும் பயிற்சி மையத்தின் சனிக்கிழமை வகுப்பு கொடுக்கிற காசுக்குத் தகும். வாரம் ஒரு நாடு, அந்த நாட்டில் ஒரே ஒரு பதவி. இரண்டரை மணி நேரத்துக்கு 200 ரூபாய். துணைக்கு வரும் பெரியவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகள் வயிற்றுப் பேத்தி அங்கே படிக்கிறாள். அவளோடு போய் நான் கேட்டது மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் பாதுகாப்பு அமைச்சர் பதவி பற்றிய பாடம்.

ஆசிரியர் இளைஞர், புதுவயல்காரர். 2025 ஆகஸ்ட் 6-இல் நடந்த ஒரு விபத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினார். அன்று தலைநகர் அக்ராவிலிருந்து ஒபுவாசி என்ற ஊருக்குப் பறந்த ராணுவ ஹெலிகாப்டர் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பாதுகாப்பு அமைச்சர் எட்வர்ட் ஒமானே போமா, படிப்பால் மருத்துவர். இதைச் சொல்லிவிட்டு ஆசிரியர் கேட்ட கேள்வி: "மறுநாள் காலையில் அந்த நாட்டு ராணுவம் யார் சொல்லைக் கேட்கும்?"

பிள்ளைகள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். அவர் கரும்பலகையில் நான்கு கட்டங்கள் போட்டார். முப்படைகளின் தலைவர் அதிபர். தலைமைத் தளபதியை நியமிப்பவரும் அவரே. 1992 அரசியல் சட்டப்படி ஆயுதப் படைக் கவுன்சிலுக்குத் துணை அதிபர் தலைவர். பாதுகாப்பு அமைச்சர் அதில் ஓர் உறுப்பினர்தான். அமைச்சராக ஒருவரை அமர்த்த நாடாளுமன்றம் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியாக விடையைச் சொன்னார்: நிதியமைச்சர் கேசியல் ஆட்டோ ஃபோர்சன் அந்தப் பொறுப்பைச் சேர்த்துப் பார்த்தார், படைகள் முகாமிலேயே இருந்தன. அமைச்சரின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு இந்தக் கேள்வியே எழாது.

கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு எங்கள் பழைய பர்மா வட்டித் தொழில்தான் நினைவுக்கு வந்தது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். பெட்டிச் சாவி கடல் கடந்து ஏஜண்டின் இடுப்பில் இருக்கும். ஏஜண்டோடு எழுதிய சம்பளச் சீட்டும் ஐந்தொகைக் கணக்கும் ஒழுங்காக இருந்தவரை சாவி அங்கே இருந்தாலும் தொழில் முதலாளியுடையதாகவே இருந்தது. துப்பாக்கி வைத்திருப்பவரிடம் கணக்குக் கேட்கும் அதிகாரம் துப்பாக்கி இல்லாதவரிடம் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதவி.

அந்த ஏற்பாடு உடைந்துபோன காலத்தையும் அவர் மறைக்கவில்லை. 1957-இல் விடுதலை கிடைத்தபோது நாட்டின் முதல் தலைவர் குவாமே நிக்ருமா பாதுகாப்புத் துறையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். படைக்குத் தலைமை தாங்கிய பிரிட்டிஷ் ஜெனரல் அலெக்சாண்டரை 1961-இல் நீக்கினார். பிறகு தமக்கென்று ஒரு காவற்படையை வளர்த்து அதற்கு நல்ல வசதிகள் செய்தார். மற்றப் படைகளில் மனக்கசப்பு மூண்டது. 1966 பிப்ரவரி 24-இல் அவர் வெளிநாட்டில் இருந்தபோது ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் கோஃபி பாக்கோ. அதற்குப் பின் 1972, 1979, 1981 என்று கவிழ்ப்புகள் வந்தன. இந்தப் பகுதியைப் பத்தே நிமிடத்தில் ஓட்டினார், அது போதவில்லை. 1979, 1981 கவிழ்ப்புகளால் ஆட்சிக்கு வந்த அதே ராணுவ அதிகாரி ஜெர்ரி ராலிங்ஸ் 1993-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபராகப் பதவியேற்று, 2001-இல் எதிர்க்கட்சியிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனது எப்படி என்பதை நின்று சொல்லியிருக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் என்று வரிசையாக ராணுவம் ஆட்சியைப் பிடித்திருக்கும் இந்த நேரத்தில் பிள்ளைகளுக்குத் தேவையான பாடமே அதுதான்.

அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னது பர்மா கேம்ப். கானாவின் பாதுகாப்பு அமைச்சகமும் ராணுவத் தலைமையகமும் இருக்கும் இடத்துக்கு அதுதான் பெயர். இரண்டாம் உலகப் போரில், கோல்ட் கோஸ்ட் என்று அந்த நாடு அழைக்கப்பட்ட காலத்தில், அதன் வீரர்கள் மேற்கு ஆப்பிரிக்கப் படைப்பிரிவுகளில் சேர்ந்து பர்மாவின் மேற்குக் கரையான அரக்கானில் ஜப்பானியரோடு போரிட்டார்கள். ஆசிரியர் பலகையில் அரக்கான் கரையை வரைந்து, கலடான் ஆற்றை நீலச் சுண்ணக்கட்டியால் இழுத்தபோது நான் எழுந்து முன்வரிசைக்கே போய்விட்டேன். என் அப்பச்சியை, அதாவது அப்பாவைப் பெற்ற ஐயா 1942-இல் பர்மாவின் புரோம் ஊரில் கடையைப் பூட்டிவிட்டு, தவுங்குப் கணவாய் வழியாக அதே அரக்கானுக்கு நடந்து, அக்யாபில் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தவர். அவர் நடந்த மண்ணில் இரண்டு ஆண்டு கழித்து அக்ரா பக்கத்துப் பிள்ளைகள் துப்பாக்கி ஏந்தினார்கள். திரும்பிய வீரர்கள், தங்களுக்குச் சொன்னதைச் செய்யுங்கள் என்று 1948 பிப்ரவரி 28-இல் ஆளுநர் மாளிகை நோக்கி மனுவோடு நடந்தபோது, சுடப்பட்டு மூவர் இறந்தார்கள். அந்த நாட்டு விடுதலைப் போராட்டம் சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான். "ஆச்சி, உங்கள் ஐயா நடந்த வழியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்" என்று ஆசிரியர் சுண்ணக்கட்டியை என் கையில் கொடுத்தார். காட்டினேன். பர்மாத் தேக்குத் தூணுக்கடியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்காவை இதைவிட நெருக்கமாகக் கொண்டுவர முடியாது.

இனி குறைகள். 80 ரூபாய்க்கு விற்கும் அச்சுக் குறிப்பில் இதில் எதுவுமே இல்லை. நாடு, தலைநகர், நாணயம், அமைச்சர் பெயர், அவ்வளவுதான். வகுப்பின் முடிவில் வைத்த மாதிரித் தேர்விலும் பத்தில் ஏழு கேள்விகள் பெயர் கேட்பவை. அலுவலகத்தில் சொன்னேன், தேர்வில் அப்படித்தான் வரும் என்றார்கள். முதல்நிலைத் தேர்வுக்கு அது சரியாக இருக்கலாம். முதன்மைத் தேர்வில் பத்தி பத்தியாக எழுத வேண்டிய பிள்ளைக்குப் பெயர்ப் பட்டியல் எதற்கு உதவும்? நல்ல ஆசிரியரின் உழைப்பை மோசமான குறிப்பு வீணடிக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம்.

அடுத்த வாரம் நைஜீரியாவாம். போகிறவர்கள் குறிப்பை வாங்க வேண்டாம். பெரிய நோட்டும் இரண்டு வண்ணப் பேனாவும் எடுத்துச் சென்று பலகையில் உள்ளதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்குள் போனால் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கும்.