ஒரே பட்ஜெட், மூன்று ஹார்ட்டெயில்: பாகத்தைப் பார்ப்பதா, ஃப்ரேமைப் பார்ப்பதா?

மலைப்பாதையில் நிஜமாகவே ஓட்டத் தகுந்த ஒரு ஹார்ட்டெயிலுக்கு, அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக்குக்கு, பணம் ஒதுக்கிவிட்டீர்கள். அந்தப் பணத்துக்கு மூன்று வகை வண்டிகள் எதிரே வந்து நிற்கும்.

முதலாவது, பெயர் பெற்ற பிராண்டின் புது வண்டி. பின்சக்கரம் 135 மி.மீ. குவிக் ரிலீஸ் (நெம்பைத் திறந்து கழற்றும் மெல்லிய கம்பி), முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க், பின்னால் 8 அல்லது 9 பல்சக்கரம். இரண்டாவது, பல வருடம் முந்தைய உயர்தர வண்டி. கடையில் தேங்கிய ஸ்டாக்காகவோ செகண்ட் ஹேண்டாகவோ வரும். 12×142 ஆக்ஸில் (12 மி.மீ. தடிமன், 142 மி.மீ. அகலம்), காற்றில் இயங்கும் நல்ல ஏர் ஃபோர்க், 1×11 கியர் (முன்னால் 1, பின்னால் 11 பல்சக்கரம்), சில சமயம் கார்பன் ஃப்ரேம்கூட. மூன்றாவது, இன்றைய அளவுகளில் செய்த அலுமினிய ஃப்ரேம், அதன் மேல் எளிய பாகங்கள். 12×148 ஆக்ஸில் (இதன் பெயர் பூஸ்ட்), எல்லா பிராண்டுக்கும் பொதுவான யூடிஎச் ஹேங்கர், கீழே அகன்ற டேப்பர் ஹெட் டியூப், 10 கியர்.

கையில் தூக்கிப் பார்த்தால் இரண்டாவதுதான் மனதை இழுக்கும். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவதைத்தான் சொல்வோம். செயின், கேசட் (பின் பல்சக்கரத் தொகுப்பு), டயர், ரோட்டர் (பிரேக் தட்டு) எல்லாம் எப்படியும் தேய்ந்து மாறப் போகிறவை. மாறாதவை ஃப்ரேமில் ஐந்து இடங்கள்: ஃபோர்க் ஏறும் ஹெட் டியூப், பின் ஆக்ஸில் பொருந்துமிடம், டிரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி, derailleur) தொங்கும் ஹேங்கர், பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட், சீட் டியூப். அடுத்த பத்து வருடம் எந்தப் பாகம் ஏறும், எது ஏறாது என்பதை இந்த ஐந்தும்தான் முடிவு செய்யும்.

முன் ஆக்ஸில் இந்தப் பட்டியலில் இல்லை, கவனியுங்கள். அது ஃபோர்க்கின் அளவு. பழைய ஃபோர்க் 15×100 என்பதற்காக ஒரு வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. பிறகு 15×110 ஃபோர்க் வாங்கினால் கூடவே முன்சக்கரத்தையும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஃப்ரேமுக்கு அதில் சம்பந்தம் இல்லை.

பின் ஆக்ஸில்: 135, 142, 148

135-க்கும் 142-க்கும் உள்ள வித்தியாசம் பெயரளவில் தோன்றுவதைவிடச் சிறியது. ஸ்போக்ஸ் பிடிக்கும் ஃபிளாஞ்சு இரண்டிலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. 142-ல் பக்கத்துக்கு 3.5 மி.மீ. கூடுவது, சக்கரத்தை ஃப்ரேமின் பள்ளத்தில் உட்கார வைக்கத்தான். அதனால் பல நல்ல ஹப்புகளில் இருபுற மூடியை மாற்றினாலே 135 சக்கரம் 142 ஆகிவிடும்.

148 அப்படி இல்லை. 2014-ல் டிரெக் ரெமடி 29-ல் வந்த இந்த பூஸ்ட் அளவில் ஃபிளாஞ்சுகளே பக்கத்துக்கு 3 மி.மீ. வெளியே தள்ளிப் போயின. 29 அங்குலச் சக்கரத்தின் நீண்ட ஸ்போக்ஸுக்கு அகலமான அடித்தளம் கிடைத்தது. பின் டயருக்கும் இடம் கூடியது. செயின் ஓடும் கோடும் ஏறக்குறைய 3 மி.மீ. வெளியே போனது. பூஸ்ட் ஃப்ரேமில் பழைய கிராங்கைப் போட்டால் சின்னப் பல்சக்கரங்களில் செயின் அதிகம் சாய்ந்து ஓடும், சத்தம் வரும், பல் சீக்கிரம் தேயும். கிராங்கில் நேராகப் பிடிக்கும் ஸ்ராம் நேரடி மவுண்ட் செயின்ரிங் (முன் பல்சக்கரம்) என்றால் 6 மி.மீ. ஆஃப்செட்டுக்குப் பதில் 3 மி.மீ. ஆஃப்செட் ரிங் போட்டுச் சரிசெய்யலாம்.

142 சக்கரத்தை 148 ஃப்ரேமில் ஏற்றலாம்: பக்கத்துக்கு 3 மி.மீ. அடாப்டர், கூடவே ரோட்டருக்கு அடியில் 3 மி.மீ. ஸ்பேசர், அதற்கேற்ற நீள போல்ட். இது ஆறு போல்ட் ரோட்டருக்கு எளிது. எதிர்த்திசையில் வழி இல்லை. 148 சக்கரம் 142 ஃப்ரேமுக்குள் நுழையாது.

அப்படியானால் 142 அநாதையா? சொல்லப்படும் அளவுக்கு இல்லை. டிஸ்க் பிரேக் ரோடு, கிராவல் (மண்சாலை) சைக்கிள்கள் பெரும்பாலும் 12×142-ல்தான் வருகின்றன. 700சி ரிம்மும் 29 ரிம்மும் ஒரே 622 மி.மீ. விட்டம். ஆக, வலுவான கிராவல் பின்சக்கரம் ஒன்று பழைய 29 ஃப்ரேமில் பொருந்தும். ரிம்மின் உள்ளகலம் 25 மி.மீ. அளவில் இருந்தால் 2.25 டயருக்குப் போதும். ஆறு போல்ட்டுக்குப் பதில் நடுவில் ஒரே வளையத்தால் இறுகும் சென்டர்லாக் ரோட்டர் தேவைப்படலாம், அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இரண்டாவது வகை வண்டிக்கு இது பெரிய ஆறுதல்.

முதல் வகையில் 135 என்ற எண்ணைவிட ஆபத்தானது வேறொன்று: பின் ஹப் கேசட் வகையா, ஃப்ரீவீல் வகையா என்பது. 7 கியர் வண்டிகளிலும் சில 8 கியர் வண்டிகளிலும் மரையில் முறுக்கி ஏற்றும் ஃப்ரீவீல்தான் இருக்கும். அதில் வலப்பக்க பேரிங் பல்சக்கரங்களுக்கு உட்புறம், ஹப்பின் நடுப்பக்கமாக இருப்பதால், அதற்கு வெளியே ஆக்ஸிலின் நீண்ட பகுதி தாங்கல் இல்லாமல் நிற்கும். கல்லில் இறங்கி ஏறி ஓட்டினால் ஆக்ஸில் முதலில் வளையும், பிறகு பேரிங் கூம்புக்குப் பக்கத்தில் ஒடியும். சக்கரம் அலைகிறது என்று ஸ்போக்கை இழுத்துக்கொண்டே இருப்பார்கள், கோளாறு ஆக்ஸிலில் இருக்கும். மலைப்பாதைக்கு ஃப்ரீவீல் ஹப் வேண்டவே வேண்டாம். கேசட் ஹப் என்றால் 135 குவிக் ரிலீஸும் பல வருடம் உழைக்கும்.

இடையில் 141 மி.மீ. குவிக் ரிலீஸ் என்று ஒன்று உண்டு. பூஸ்ட் ஹப்பின் ஃபிளாஞ்சு இடமும் பழைய ஆக்ஸிலும் சேர்ந்த கலப்பு அது. கடைக்காரர் ‘பூஸ்ட்’ என்று சொன்னால், ஆக்ஸில் 12 மி.மீ. குழாயா, 5 மி.மீ. கம்பியா என்று கேட்டுவிடுங்கள்.

கேசட் ஏறும் ஃப்ரீஹப்

பின் ஹப்பில் கேசட் மாட்டும் உருளைதான் ஃப்ரீஹப். இன்று மூன்று வடிவங்கள் ஓடுகின்றன. ஷிமானோவின் பழைய எச்ஜி: சின்னப் பல்சக்கரம் 11 பல்லுக்குக் கீழே போகாது. ஸ்ராமின் எக்ஸ்டி டிரைவர், 2012 முதல்: 10 பல் வரை. ஷிமானோவின் மைக்ரோ ஸ்ப்லைன், 2018 முதல்: இதுவும் 10 பல். ஒன்றின் கேசட் மற்றொன்றில் ஏறாது. ஹப்பின் மாடலுக்கான ஃப்ரீஹப் தனியாகக் கிடைத்தால் மட்டுமே மாற்ற முடியும். பெயரில்லாத ஹப்புக்கு அது கிடைக்காது, சக்கரத்தையே மாற்ற வேண்டிவரும்.

எச்ஜி செத்துவிட்டது என்று எழுதியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். 2023-ல் ஷிமானோ கொண்டுவந்த க்யூஸ் வரிசையின் லிங்க்கிளைட் கேசட்டுகள் எச்ஜி ஃப்ரீஹப்பில்தான் ஏறுகின்றன. 11 கியரில் 11-50 வரை. மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ், 10 கியர், 11-48, அதுவும் எச்ஜி. ஆகவே மூன்றாவது வகை வண்டியில் எச்ஜி ஹப் இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம்.

10 கியரால் ஏற்றம் தாங்குமா? 12 கியர் வண்டியில் முன்னால் 32 பல், பின்னால் 51 பல் என்றால் விகிதம் 0.627. அட்வென்ட் எக்ஸில் முன்னால் 30, பின்னால் 48 என்றால் 0.625. ஏற்றத்தில் காலுக்கு வித்தியாசமே தெரியாது. இழப்பு எதிர்முனையில்: 32/10-ல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 29 அங்குலச் சக்கரத்தில் மணிக்கு 40 கி.மீ. அளவில் போகலாம், 30/11-ல் 34 கி.மீ. கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டப் பாதையில் அந்த 6 கி.மீ. யாருக்கும் தேவைப்படாது. தார்ச்சாலையில் கூட்டமாக ஓட்டுபவருக்குத் தேவைப்படும்.

ஒரு எச்சரிக்கை. க்யூஸின் ஷிஃப்டரும் டிரெய்லரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். பழைய 10 கியர் டியோரோ, 12 கியர் டியோரோ இவற்றின் ஷிஃப்டரோடு சேர்த்தால் கேபிள் இழுக்கும் அளவு ஒத்துப்போகாது. எவ்வளவு திருகினாலும் கியர் ஒழுங்காக விழாது.

ஹேங்கர்

டிரெய்லர் அடிபட்டால் முதலில் வளையும்படி செய்த சின்ன அலுமினியத் துண்டு இது. முன்பெல்லாம் பிராண்டுக்கு ஒன்று, மாடலுக்கு ஒன்று, சில சமயம் ஒரே மாடலில் வருடத்துக்கு ஒன்று. இரண்டாவது வகை வண்டியின் மிகப் பெரிய தலைவலி இதுதான். வண்டி முழுக்க நன்றாக இருக்கும், பத்து கிராம் சொச்சத் துண்டு ஒன்று கிடைக்காமல் மாதக்கணக்கில் சுவரோரம் நிற்கும். பழைய ஃப்ரேம் வாங்குவதானால் விலை பேசும்முன் அதன் ஹேங்கர் எங்கே கிடைக்கும் என்று பார்த்து, இரண்டு வாங்கி வையுங்கள்.

2019-ல் ஸ்ராம் வெளியிட்ட யூடிஎச், எல்லா பிராண்டுக்கும் ஒரே ஹேங்கர். ஷிமானோ, மைக்ரோஷிஃப்ட் டிரெய்லர்களும் அதில் வழக்கம்போல ஏறும். இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதன் போல்ட் ரிவர்ஸ் மரை. வழக்கமான பக்கம் திருப்பிக் ‘கழற்றினால்’ இன்னும் இறுகும், தலை சிதையும். இறுக்க வேண்டிய அளவு 25 நியூட்டன் மீட்டர். இரண்டாவது, பலமாக இடித்தால் ஹேங்கர் பின்னோக்கிச் சுழன்று கொடுக்கும். வளையாமல் சுழன்று மட்டும் இருந்தால் போல்ட்டைத் தளர்த்தி, பழைய நிலைக்குத் தள்ளி, மறுபடி இறுக்கினால் போதும். கியர் திடீரென்று குழம்பினால் கேபிளைத் தொடும்முன் இதைப் பாருங்கள்.

2023-ல் வந்த, பேட்டரியில் ஓடும் ஸ்ராம் டிரான்ஸ்மிஷன் கியர் அமைப்பில் ஹேங்கரே கிடையாது. டிரெய்லர் நேராக ஃப்ரேமில் பிடிக்கும், ஆனால் யூடிஎச் பொருந்தும் ஃப்ரேம் வேண்டும். 2025-ல் கேபிளில் ஓடும் ஈகிள் 70, 90 வந்தபின் இது பேட்டரிக்காரர்களின் விஷயமாக மட்டும் இல்லை. மூன்றாவது வகை வண்டிக்காரர் பிற்பாடு போக விரும்பினால் கதவு திறந்திருக்கிறது. இரண்டாவது வகையில் அது மூடியாயிற்று.

மற்ற மூன்று இடங்கள், சுருக்கமாக

பாட்டம் பிராக்கெட்டில் 73 மி.மீ. மரை வகை, அதாவது பிஎஸ்ஏ, இருந்தால் நிம்மதி. ஷிமானோவின் 24 மி.மீ. கிராங், ஸ்ராமின் டப் கிராங் இரண்டுமே ஏறும். வலப்பக்கம் ரிவர்ஸ் மரை. அழுத்திச் செருகும் பிரெஸ்ஃபிட், இரண்டாவது வகையில் அடிக்கடி தென்படும். துளையின் அளவு துல்லியமாக இல்லாவிட்டால் மிதிக்கும்போதெல்லாம் முனகும். மாற்ற அழுத்துகருவி வேண்டும், சுத்தியல் கூடாது.

ஹெட் டியூபின் கீழ்முனை 1.5 அங்குல டேப்பர் ஃபோர்க்கை ஏற்க வேண்டும். இன்றைய நல்ல ஏர் ஃபோர்க்குகள் ஏறத்தாழ எல்லாமே டேப்பர். மேலும் கீழும் ஒரே 44 மி.மீ. துளை என்றால் கீழே வெளிக்கிண்ணம் வைத்து டேப்பர் ஃபோர்க்கை ஏற்றிவிடலாம். 34 மி.மீ. துளை என்றால் அந்த ஃப்ரேம் அங்கேயே நின்றுவிடும். புது வண்டிகளில் ஹெட்செட் வழியாகவே பிரேக் குழாய் நுழையும் வடிவம் ஒன்று பரவுகிறது. பார்க்க அழகு. ஆனால் மழைக்காலம் முடிந்து மேல் பேரிங்கை மாற்ற பிரேக் குழாயைக் கழற்றி, ஆயில் ஏற்றி, உள்ளே புகுந்த காற்றை நீக்க (பிளீட்) வேண்டும். ஃப்ரேமின் பக்கத்தில் துளையிட்ட பழைய வழியே மேல்.

சீட் டியூப் 30.9 அல்லது 31.6 ஆக இருக்கட்டும், உள்வழிக் கேபிள் துளையோடு. 27.2-ல் டிராப்பர் சீட்போஸ்ட் (ஓட்டிக்கொண்டே சீட்டை ஏற்றி இறக்கும் கம்பம்) தேர்வு மிகக் குறைவு.

கோணங்கள்

பழைய கிராஸ்கன்ட்ரி ஹார்ட்டெயிலில் ஹெட் டியூபின் சாய்வுக் கோணம் 69–70°, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் 70–80 மி.மீ. இன்றைய டிரெயில் ஹார்ட்டெயிலில் 65–67°, ஸ்டெம் 35–50 மி.மீ., ரீச் (ஃப்ரேமின் முன்பக்க நீளம்) அதிகம். செங்குத்தான இறக்கத்தில் முன்சக்கரம் உங்களுக்கு இன்னும் முன்னால் இருப்பதால் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறக்கும் வாய்ப்பு குறையும். மெதுவான ஏற்றத்தில் முன்சக்கரம் சற்று அலையும். நிமிர்ந்த சீட் டியூப் அதை ஓரளவு சரிக்கட்டும். பழைய ஃப்ரேமில் 20 மி.மீ. நீளமான ஃபோர்க் போட்டால் ஏறக்குறைய 1° சாயும், அதற்கு மேல் போனால் ஹெட் டியூபுக்கு ஆபத்து. ஸ்டெம்மை மட்டும் குட்டையாக்கினால் உட்காரும் இடம் நெருக்கமாகும். இதனால்தான் ‘பழசை வாங்கி நவீனமாக்கலாம்’ என்ற கணக்கு பெரும்பாலும் தோற்கிறது.

2025-ல் 32 அங்குலச் சக்கரம் பற்றிய பேச்சு கிளம்பியது. அதற்குத் தனி ஃப்ரேம், தனி ஃபோர்க், தனி டயர் வேண்டும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

யாருக்கு எது

இறக்கத்தைவிட ஏற்றமும் நீண்ட மண்சாலையும் உங்கள் ஓட்டம் என்றால் இரண்டாவதை எடுங்கள், விலை நன்றாகக் குறைந்திருந்தால். ஃபோர்க்கின் மேல்குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பூச்சு தேய்ந்து உலோகம் தெரிந்தால் சீல் மாற்றிப் பயனில்லை, மேல்பகுதி முழுவதும் போச்சு. 11 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டிருந்தால் மாற்ற வேண்டும். அதைத் தாண்டி வெகுநாள் ஓடியிருந்தால் கேசட் விலையையும் கழித்துக் கேளுங்கள்.

முதல் வகை, வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும், வாரம் முழுக்க ஊருக்குள் ஓட்டி எப்போதாவது மண்பாதை தொடுபவருக்கும். ஸ்பிரிங் ஃபோர்க்கில் ஸ்பிரிங்கின் விறைப்பு நடுத்தர எடைக்கு வைத்தது. 55 கிலோகாரருக்கு அது பாதிகூட அமுங்காது, 90 கிலோகாரருக்கு அடியில் போய் இடிக்கும்.

மூன்றாவதை எடுத்தவர் மிச்சப் பணத்தைக் கேசட்டில் போட வேண்டாம். முதலில் டியூப்லெஸ் ஆக்குங்கள்: ரிம் அதற்கேற்றதா என்று பார்த்து, டேப், வால்வு, டயருக்கு 100 மி.லி. அளவில் சீலன்ட் (துளையை அடைக்கும் திரவம்). 70 கிலோகாரருக்கு 2.4 டயரில் 22–25 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். பிறகு டிராப்பர். 120 மி.மீ. ஃபோர்க்கில் நீங்கள் ஏறி நின்றால் 24 மி.மீ. அமுங்கும்படி காற்று வையுங்கள். பிரேக் ரோட்டரில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று பொறித்திருந்தால் உலோகப் பேட் போட வேண்டாம், ரோட்டரையே தின்றுவிடும். பின் ஆக்ஸிலில் பொறித்துள்ள நீளத்தையும் மரை இடைவெளியையும் போட்டோ எடுத்து வையுங்கள். யூடிஎச் ஃப்ரேமில் 1.0 மரை, மற்ற ஃப்ரேம்களில் 1.5, 1.75 என்றும் உண்டு. வெளியூரில் ஆக்ஸில் தொலைந்தால் கடைக்காரர் முதலில் கேட்பது அந்த எண்களைத்தான்.