திருமலை வீதி அச்சகத்தில் செய்வித்த ரம்போன் பதாகை

எங்கள் பெண்கள் உதைபந்தாட்ட அணியின் அறைச் சுவருக்காக, அமெரிக்காவின் ஓய்வுபெற்ற பின்கள வீராங்கனை கிறிஸ்டி ரம்போனின் வாழ்க்கைக் குறிப்பு அடங்கிய பதாகையொன்றை மட்டக்களப்பு திருமலை வீதியிலுள்ள டிஜிட்டல் அச்சகமொன்றில் செய்வித்தோம். அச்சுத் தரத்தைக் குறை சொல்ல முடியாது. வடிவமைப்பில்தான் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது.

விளையாட்டு வீரர்களுக்கென அவர்கள் ஆயத்தமாக வைத்திருக்கும் மாதிரியில் கோல் எண்ணிக்கைக்கே நடுவிடம் ஒதுக்கப்பட்டிருப்பதால், தரவுகளை இட்டதும் 4 என்ற இலக்கம் உள்ளங்கை அகலத்தில் வந்து நின்றது. "நாலு கோல்தானா டீச்சர்?" என்று வடிவமைக்கும் தம்பி கேட்டதில் வியப்பில்லை. மொன்மௌத் பல்கலைக்கழகத்தில் முன்களத்தில் ஆடிக் கோல் குவித்த ரம்போன், தேசிய அணிக்கு வந்தபின் பின்களத்துக்கு மாற்றப்பட்டவர். 1997 முதல் 2015 வரை 311 சர்வதேசப் போட்டிகளில் எதிரணியின் கோல்களைத் தடுப்பதே அவருடைய வேலையாக இருந்தது. ஆகவே 311ஐ நடுவில் வைத்து, நான்கைக் கீழே சிறிதாக்கும்படி கேட்டேன். முகம் சுளிக்காமல் செய்து தந்தார்கள்.

1999, 2015 உலகக் கிண்ணங்களும், 2004, 2008, 2012 ஒலிம்பிக் தங்கங்களும் ஒரே வரிசையில் அழகாக அமைந்துள்ளன. அவர் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்தும் ஆடியவர் என்பதை, இங்கு விளையாட்டை வளர்த்த அமெரிக்க இயேசுசபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரில் மைதானம் வைத்திருக்கும் ஊரில் எழுதாமல் விட மனம் வரவில்லை.

பெரிய கட்டத்தை 2009ஆம் ஆண்டுக்குக் கொடுத்தோம். அமெரிக்காவின் ஸ்கை புளூ உதைபந்தாட்டக் கழகத்தில் பருவத்தின் நடுவே பயிற்றுநர்கள் அடுத்தடுத்து விலக, ஆடிக்கொண்டே பயிற்றுநர் பொறுப்பையும் ஏற்று அணியைச் சம்பியனாக்கிய ரம்போன், அப்போது இரண்டாவது குழந்தையைக் கருவில் சுமந்திருந்தார். பிள்ளைகள் நின்று வாசிப்பது இந்தக் கட்டத்தைத்தான். உண்ணிக் கடியால் பரவும் லைம் நோயுடன் அவர் ஆடியதும், 1999 அணியில் எஞ்சிய ஒரே வீராங்கனையாக, 40 வயதில், ஜப்பானை 5-2 என வென்ற 2015 இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களில் களமிறங்கியதும் பக்கத்திலேயே உள்ளன.

பெரிய குறை எழுத்துருவில் இருந்தது. யூனிகோடில் அனுப்பியதைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவுக்கு மாற்றியபோது கொம்புகள் இடம்மாறி, "தேசிய" என்ற சொல்லே சிதைந்திருந்தது. மாதிரிப் பிரதியைப் பார்க்காமல் சம்மதித்திருந்தால் அப்படியே அச்சாகியிருக்கும். பளபளப்பான தாளும் ரியூப் லைட் வெளிச்சத்தில் கண்ணைக் கூசச் செய்கிறது, மங்கல் தாளே நல்லது.

விலை சதுர அடிக் கணக்கில் நியாயமானது, சொன்ன நாளில் தருகிறார்கள். தமிழ் வாசகம் அதிகமுள்ள வேலையென்றால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருந்துவிடாமல், நேரில் சென்று திரையில் ஒவ்வொரு வரியையும் வாசித்த பின்பே அச்சிடச் சொல்லுங்கள்.