கிருஷ்ணகிரியில் விபத்து இழப்பீட்டு மனு எழுதித் தரும் அலுவலகம்: எங்கள் அனுபவம்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்கு அருகே, மாடியில் இயங்கும் ஒரு சிறிய தட்டச்சு அலுவலகத்தில், வேலையில் அடிபட்டவர்களுக்கு இழப்பீட்டு மனுவைக் கணக்குப் போட்டு எழுதித் தருகிறார்கள். 2025 டிசம்பரில் என் அண்ணனை அங்கே அழைத்துப் போனேன்.

அண்ணன் பர்கூர்ப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் வேலை பார்த்தவர். 2024 மார்ச்சில், கல்லறுக்கும் இயந்திரத்தில் வலது கைச் சுட்டுவிரல் அடியோடு போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 40, சம்பளம் மாதம் 18,000 ரூபாய். பட்டறையில் ஏழு பேர்தான் என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது; 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படிதான் கேட்க வேண்டும்.

வேறோர் இடத்தில் ஏற்கெனவே எழுதி வாங்கிய மனு எங்கள் கையில் இருந்தது. அதைப் படித்த அலுவலக அம்மா, இரண்டாம் பக்கத்தில் இருந்த 8,000 என்ற எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "அண்ணா, விபத்து எந்த வருஷம் நடந்துச்சு?" என்று கேட்டார். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பள உச்சவரம்பு 2010-இல் 8,000 ரூபாயாக இருந்து, 2020 ஜனவரி 3 முதல் 15,000 ஆகிவிட்டதாம். பழைய மனுவை அப்படியே நகல் எடுத்ததில் அந்த எண் தங்கிவிட்டது. 15,000-இல் 60 விழுக்காடு 9,000. அதை 40 வயதுக்குரிய 184.17 என்ற காரணியால் பெருக்கினால் 16,57,530. சுட்டுவிரல் முழுவதும் போனால் சட்டத்தின் அட்டவணைப்படி 14 விழுக்காடு இழப்பு என்பதால், எங்களுக்குரியது ஏறத்தாழ 2,32,000 ரூபாய். பழைய எண்ணில் போட்டிருந்தால் 1,24,000-ஐக்கூடத் தொட்டிருக்காது. ஓர் எண்ணைக் கவனிக்காததால் உழைத்த கைக்கு வரவேண்டிய பணம் பாதியாகியிருக்கும் என்பதை நினைக்கும்போது இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

முதலாளி கொடுத்த ஆஸ்பத்திரிச் செலவை இழப்பீட்டில் கழிக்கக் கூடாது என்பதையும், பணம் தரவேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 விழுக்காடு வட்டி உண்டு என்பதையும் மனுவில் சேர்த்தார்கள். முந்தைய மனுவில் இவை இரண்டுமே இல்லை. 1923 சட்டப்படி விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும் என்பதால், எங்களுக்கு மீதியிருந்தது மூன்றே மாதம் என்பதையும் அவரே நினைவூட்டினார். 2025 நவம்பர் 21 முதல், அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதே என்று கேட்டேன். எங்கள் விபத்து அதற்கு முந்தையது என்பதால் பழைய சட்டப்படியே மனுவைத் தயாரித்தார்.

குறைகளும் உண்டு. ஒருவரே எல்லாம் பார்ப்பதால் இரண்டரை மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். மனுவின் நடை அண்ணனுக்குப் புரியவில்லை; நான்தான் வரிவரியாகப் படித்துச் சொன்னேன். எனக்குள்ள பெரிய வருத்தம் வேறு: தொழிலாளிக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு என்பதை, 1,500 ரூபாய் வாங்குவதற்கு முன்பு அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் அந்தக் கட்டணம் வீண் என்று சொல்ல மாட்டேன்.

போகிறவர்கள் சம்பளச் சான்று, வயதுச் சான்று, மருத்துவமனைச் சீட்டுகள், விபத்து நாளைக் காட்டும் ஏதாவதொரு தாள் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சம்பளத்துக்கு எழுத்து இல்லாத அண்ணனுக்கு, வங்கிக் கணக்கில் விழுந்த தொகைகளின் பட்டியலே கைகொடுத்தது.