கண்புரை அறுவையில் மரப்பு: சொட்டா, சப்-டெனானா, ஊசியா?

கண்புரை அறுவைக்குக் கண்ணை மரக்க வைக்க நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: சொட்டு மருந்து, சப்-டெனான் (கோளத்தை மூடிய டெனான் உறைக்கு அடியில் மருந்து விடுவது), பெரிபல்பார் ஊசி (கோளத்தைச் சுற்றி), ரெட்ரோபல்பார் ஊசி (கோளத்துக்குப் பின்னால்). நான்கிலும் மருந்து ஏறக்குறைய ஒன்றுதான். லிடோகெயின் அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த ஒன்று. அதை எங்கே விடுகிறோம், அங்கே எந்த நரம்பு ஓடுகிறது என்பதில்தான் வித்தியாசம் எல்லாம். அதனால் மருந்துப் பட்டியலுக்கு முன் கண்குழியைப் பார்த்துவிடுவது நல்லது.

பெரியவர்களின் கண்குழி சுமார் 30 மி.லி. கொள்ளும். அதில் கண்கோளம் ஏறத்தாழ 7 மி.லி.; மீதியெல்லாம் கொழுப்பு, தசை, நரம்பு, ரத்தக்குழாய். கோளத்தின் முன்-பின் நீளம் சராசரியாக 23.5 முதல் 24 மி.மீ. அதன் பின்னே நான்கு நேர்தசைகள் சேர்ந்து ஒரு கூம்பாகக் குவிகின்றன. கூம்புக்குள் பார்வை நரம்பும், அதன் வெளிப்பக்கத்தில் சிலியரி நரம்புக் கணுவும் இருக்கின்றன. கார்னியா (கண்ணின் முன்புறக் கண்ணாடித் தளம்), ஐரிஸ் (பாவையைச் சுற்றிய நிற வளையம்) இரண்டின் வலியும் ஐந்தாம் மண்டை நரம்பின் முதல் கிளை வழியே மூளைக்குப் போகிறது. இமையை இறுக மூடும் தசை ஏழாம் நரம்பின் பொறுப்பு. கண்ணை அசைக்கும் தசைகளில் மேல் சாய்தசைக்குப் போகும் நான்காம் நரம்பு மட்டும் கூம்புக்கு வெளியே ஓடுகிறது.

சொட்டு மருந்து

1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கொகெயின் சொட்டால் கண்ணை மரக்க வைத்ததிலிருந்து இந்த முறையின் கதை தொடங்குகிறது. இன்று புரோபாரகெயின் 0.5% அதிகம் பயன்படுகிறது. அரை நிமிடத்துக்குள் வேலை செய்யும், 10 முதல் 20 நிமிடம் நிற்கும். டெட்ராகெயின் சற்று அதிகம் எரியும். லிடோகெயின் 2% ஜெல் கூடுதல் நேரம் தாங்கும். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. ஜெல்லை முதலில் பூசிவிட்டால் அது ஒரு திரைபோல நின்று, பின்னால் விடும் 5% போவிடோன் அயோடினைக் கண்பரப்பைத் தொடவிடாது. கிருமி அப்படியே தங்கிவிடும். ஆகவே முதலில் சொட்டு, அடுத்து அயோடின், அது மூன்று நிமிடமாவது நின்ற பிறகே ஜெல்.

சொட்டு கார்னியாவையும் கன்ஜங்டைவாவையும் (கண்ணின் வெள்ளையை மூடிய மெல்லிய சவ்வு) மட்டுமே மரக்க வைக்கிறது. ஐரிஸும் அதன் பின்னுள்ள சிலியரி உறுப்பும் விழித்தே இருக்கும். அறுவையில் நீர் உள்ளே பாய்ந்து முன்னறை (கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் இடைப்பட்ட அறை) ஆழமாகும் கணத்தில் நோயாளி முனகுவது இதனால்தான். பதப்பொருள் கலக்காத 1% லிடோகெயினை 0.2 முதல் 0.5 மி.லி. முன்னறைக்குள் விட்டால் அந்த வலி அடங்கும். 'பதப்பொருள் கலக்காத' என்பதை லேபிளில் படித்து உறுதிசெய்யாமல் சிரிஞ்சில் ஏற்றக்கூடாது. பல முறை பயன்படுத்தும் குப்பிகளில் இருக்கும் பாரபென் கார்னியாவின் உள்தளச் செல்களுக்கு ஆகாது. அந்தச் செல்கள் மறுபடி வளர்வதும் இல்லை.

கண் அசையும், இமை சுருங்கும், நோயாளி நுண்ணோக்கி விளக்கைப் பார்த்தபடி ஒத்துழைக்க வேண்டும். காது கேளாதவர், நினைவு தடுமாறுபவர், தலைநடுக்கம் உள்ளவர், கண் தானாக ஆடுபவர் ஆகியோருக்கு இது பொருந்தாது. முற்றி இறுகிய புரை, பெரிதாகாத கண்பாவை என்றாலும் யோசிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கோ இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. ஒரு எச்சரிக்கை: வரிசையாகச் சொட்டிக்கொண்டே இருந்தால் கார்னியாவின் மேல்தோல் மங்கி, அறுவை செய்பவரின் பார்வையே கெடும். இந்தக் குப்பியை வலிக்கு மருந்தென்று நோயாளி கையில் கொடுத்தனுப்பவே கூடாது. தொடர்ந்து விட்டுக்கொண்டால் கார்னியா கரைந்துபோகும் அளவுக்குப் போகலாம்.

ரெட்ரோபல்பார், பெரிபல்பார்

ரெட்ரோபல்பாரில் ஊசி கூம்புக்குள் போகிறது. கீழ் வெளிப்புற ஓரத்தில் குத்தி 3 முதல் 5 மி.லி. விட்டால் சில நிமிடத்தில் கண் அசைவற்றுப் போகும். பிடியும் வேகமும் இதற்கு ஈடில்லை. பழைய பாடத்தில் 38 மி.மீ. ஊசி, நோயாளியை மேலே, மூக்குப் பக்கம் பார்க்கச் சொல்வார்கள். அந்தப் பார்வை பார்வை நரம்பை இழுத்து ஊசி முனைக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துகிறது என்று ஸ்கேன் படங்கள் காட்டிய பிறகு அது கைவிடப்பட்டது. இப்போது நேர்ப்பார்வை, ஊசி 31 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது.

இதில் பயப்பட வேண்டியது மூன்று. முதலாவது, பின்புற ரத்தக் கசிவு: கண் முன்தள்ளும், இமை கல்லாக இறுகும். அறுவையைத் தள்ளிப்போட வேண்டும். பார்வை நரம்புக்கு ஆபத்து தெரிந்தால் வெளிக்கடைக்கண்ணை வெட்டி அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். இரண்டாவது, கோளமே துளைபடுவது. மூன்றாவது, பார்வை நரம்பின் உறைக்குள் மருந்து போய் மூளைத்தண்டை எட்டுவது. ஊசி போட்ட சில நிமிடங்களில் நோயாளி பேச்சுக் குழறி, மயங்கி, மூச்சு நிற்கலாம். ஊசி போடாத கண்ணின் பாவையும் விரியலாம். ஆக்சிஜனும் மூச்சு கொடுக்கும் பையும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத அறையில் இந்த ஊசிக்கு இடமில்லை.

சில நோயாளிகளுக்குக் கண் முழுக்க நின்றபின்பும் லேசாக உள்நோக்கிச் சுழலும். மருந்து பத்தவில்லை என்று இன்னொரு ஊசி ஏற்றிவிடுவார்கள். தேவையே இல்லை: நான்காம் நரம்பு கூம்புக்கு வெளியே இருப்பதால் மேல் சாய்தசை இன்னும் வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

பெரிபல்பாரில் 25 மி.மீ. ஊசி கூம்புக்கு வெளியே நிற்கிறது. மருந்து பரவித்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் 5 முதல் 10 மி.லி. தேவை, 10-15 நிமிடம் காத்திருக்கவும் வேண்டும். மருந்து பரவ ஹயலுரோனிடேஸ் உதவும். அத்தனை மருந்தும் சேர்ந்து கண் அழுத்தத்தை ஏற்றுவதால், ஊசிக்குப் பின் மெதுவாக அழுத்தி வைக்கிறார்கள். மேல் உட்புறத்தில் குத்துவதைத் தவிர்க்க வேண்டும். ரத்தக்குழாய்களும் மேல் சாய்தசையின் கப்பியும் அங்கேதான். ரெட்ரோபல்பாரைவிட ஆபத்து குறைவு என்றாலும் துளைபடும் வாய்ப்பு போய்விடவில்லை.

எந்த ஊசியானாலும் பயோமெட்ரி தாளில் (கண்ணை அளந்த குறிப்பு) கண்நீளத்தைப் பார்க்காமல் தொடக்கூடாது. 26 மி.மீ.க்கு மேல் என்றால், அதிலும் பின்சுவர் புடைத்திருந்தால், வழக்கமான கோணமே கோளத்தில் போய் முடியும். குத்தும்போது திடீர் வலி, கண் தொளதொளவென்று மென்மையாவது, ஒளி பாய்ச்சும்போது பாவையில் தெரியும் சிவப்பு ஒளி மறைவது ஆகியவை துளைபட்டதன் அடையாளங்கள்.

சப்-டெனான்

கூரான ஊசி இல்லாமலே முழு மரப்பு கிடைக்கிறது என்பதால் எங்கள் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். மரப்புச் சொட்டு, அயோடின், இமை விரிப்பான். நோயாளி மேலே வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். கீழ் உட்புறத்தில், லிம்பஸிலிருந்து (கார்னியாவின் ஓரம்) 5 முதல் 7 மி.மீ. தள்ளி, கன்ஜங்டைவாவையும் டெனான் உறையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, மழுங்கு நுனிக் கத்தரியால் ஒரு சிறு வெட்டு. வெறும் வெள்ளை ஸ்கிளீரா (கோளத்தின் வெள்ளைச் சுவர்) தெரிய வேண்டும். 19 கேஜ், 25 மி.மீ. வளைந்த மழுங்கு கேனுலாவைக் கோளத்தின் வளைவை ஒட்டியே நடுக்கோட்டைத் தாண்டும் வரை நகர்த்தி, 3 முதல் 5 மி.லி. மெல்ல விட வேண்டும்.

தோற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே. டெனானை முழுதும் திறக்காமல் கேனுலாவை நுழைத்தால் மருந்து முன்பக்கம் வழிந்து, கன்ஜங்டைவா கொப்புளமாக வீங்கும், கண்ணோ அசைந்துகொண்டிருக்கும். அப்போது இன்னும் மருந்து ஏற்றுவதில் பயனில்லை. வெட்டைத் திரும்பப் பார்த்து வெள்ளை தெரியும் வரை திறக்க வேண்டும். வழியில் தடை பட்டால் பலமாகத் தள்ளாமல் ஒரு துளி மருந்து விட்டு வழி பிரியவிட வேண்டும். அறுவை நடுவில் மரப்பு குறைந்தால் அதே வெட்டில் மறுபடி விடலாம். ஊசி முறைகளில் இந்த வசதி கிடையாது. குறை என்றால் கண் சில நாள் சிவந்திருக்கும். விழித்திரைப் பிரிவுக்குப் பட்டை வைத்த கண்ணில் தழும்பு வழிமறிக்கும். பின்னால் கிளாக்கோமா அறுவை வரக்கூடிய கண்ணில் கன்ஜங்டைவாவை வீணாக்காமல் சொட்டோடு நிறுத்துவதே சரி.

ஊசிக்கும் கேனுலாவுக்கும் லிடோகெயின் 2% ஒன்றே ஒரு சாதாரண பேக்கோவுக்கு (புரையை ஒலி அலையால் உடைத்து உறிஞ்சும் அறுவை) போதும். புபிவகெயின் 0.5% சேர்த்தால் பல மணிநேரம் இரட்டைப் பார்வையும் மூடாத இமையும்தான் மிஞ்சும். நீளும் அறுவைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

பாவை விரிக்கும் மருந்து

ஊசியும் சப்-டெனானும் சிலியரி கணுவையும் மரக்கச் செய்வதால் பாவை கொஞ்சம் தானாகவே விரிந்து நிற்கும். சொட்டில் அந்தத் துணை இல்லை. முழுப் பொறுப்பும் விரிப்பான் மருந்தின் தலையில். டிராபிகமைட் 1% சுருக்குத் தசையைத் தளர்த்துகிறது, ஃபினைல்எஃப்ரின் விரிதசையை இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல விரிவு. சைக்ளோபென்டோலேட் 1% இன்னும் வலுவானது, ஆனால் மங்கல் ஒரு நாள் வரை நீளும்.

ஃபினைல்எஃப்ரினில் 2.5% போதும், 10% வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 10% என்பது மி.லி.க்கு 100 மி.கி.; ஒரு சொட்டு சுமார் 0.05 மி.லி., அதாவது 5 மி.கி. ரத்த அழுத்தம் சரிந்தவருக்கு நரம்பில் ஒரு தடவை ஏற்றும் அளவே 0.1 மி.கி. அளவில்தான் இருக்கும். கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கு இறங்கும் ஒரு பகுதி உறிஞ்சப்பட்டாலே இதயநோய் உள்ளவருக்கு அழுத்தம் எகிறிவிடும். மூக்கோரக் கண்மூலையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிப்பது அதைக் குறைக்கும்.

புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறாரா என்பதை முன்கூட்டியே கேட்க வேண்டும். சாப்பிட்டால் ஐரிஸ் தொளதொளவென்று ஆடி, வெட்டு வாய்க்கு வந்து நிற்கும், பாவை நடுவிலேயே சுருங்கும். சில நாள் முன்பு மாத்திரையை நிறுத்துவதில் நம்பத்தக்க பலன் இல்லை. முன்னறைக்குள் விடப் பதப்பொருளற்ற ஃபினைல்எஃப்ரினையும் ஐரிஸ் கொக்கிகளையும் தட்டில் தயாராக வைத்துக்கொண்டு தொடங்குவதுதான் வழி.