குவார்ட்ஸைட் பக்கம் மோட்டார்ஹோம் பேட்டரி மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவின் அரிசோனாவில் குவார்ட்ஸைட், யூமா, அஜோ என்று தென்மேற்குப் பாலைவனத்தில் மோட்டார்ஹோமில் (வீடுபோல் தங்கும் வசதியுள்ள வண்டியில்) குளிர்காலத்தைக் கழிக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். குவார்ட்ஸைட் பக்கத்து லா போசா முகாமில், பிக்கப் வண்டியில் வந்து பேட்டரி மாற்றித் தரும் ஒருவர், இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரிகளை (ஜோடி சேர்ந்தால் 12 வோல்ட்)  புதுசு என்று சொல்லி எங்கள் வண்டியில் மாட்டிவிட்டுப் போனார். துடைத்துப் பளபளப்பாக்கிய பழைய சரக்கு. ரொக்கம்தான் வேண்டும் என்றார், ரசீது தரவில்லை, வண்டியில் இருந்த பழைய ஜோடியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இது தெரியவருவது நடுராத்திரியில்தான். வண்டியின் காஸ் ஹீட்டரில் ஃபேன் சுற்றும், காஸ் மட்டும் பற்றிக்கொள்ளாது. வோல்டேஜ் இறங்கினால் ஃபேன் வேகம் குறையும். காற்று போதாமல் உள்ளே இருக்கும் செயில் சுவிட்ச் (ஃபேன் காற்று தள்ளினால் நகரும் சுவிட்ச்) நகராது. அது நகராத வரை ஹீட்டரின் கன்ட்ரோல் போர்டு காஸ் வால்வைத் திறக்காது. பலரும் இதைப் பார்த்து புரொபேன் தீர்ந்துவிட்டது என்று நினைத்து சிலிண்டரை நிரப்ப ஓடுவார்கள். அந்த நேரத்தில் ஜெனரேட்டரும் உதவாது. லா போசாவில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது.

வாங்கும்போது விற்பவர் மீட்டரை வைத்து 12.9 வோல்ட் காட்டுவார். சார்ஜரிலிருந்து கழற்றிய சூட்டில் செத்த பேட்டரிகூட அப்படித்தான் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். சோலார், ஜெனரேட்டர், இன்ஜின் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஹீட்டர் ஃபேனையும் விளக்குகளையும் அரைமணி நேரம் ஓடவிடுங்கள். அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்து பாருங்கள். சுமார் 10 ஆம்பியர் இழுக்கையில் 12.4க்கு மேல் நிற்க வேண்டும். 12ஐ நோக்கிச் சரிந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். நல்ல ஜோடி என்றால் 220 ஆம்பியர் மணி அளவு இருக்கும், அதில் பாதியைத்தான் எடுக்கலாம். ஹீட்டர் ஓடும்போது 7 ஆம்பியர், ராத்திரி 10 மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினாலும் 35தான் செலவாகும்.

அடுத்து மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் குழாய்) விடுங்கள். ஜோடிக்கு ஆறு செல், ஆறையும் பார்க்க வேண்டும். முழு சார்ஜில் 1.265க்கு மேல் காட்டும். செல்லுக்குச் செல் 0.050 வித்தியாசம் வந்தால் அது போன பேட்டரி. எண்ணைவிட நிறம் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்: குழாயில் ஏறும் அமிலம் தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும். பழுப்பாகக் கலங்கி வந்தால் தகடு உதிர்ந்திருக்கிறது. டெர்மினலின் ஈயத்தில் வாஷர் அழுத்திய வளையத் தழும்பு இருந்தால், அது ஏற்கெனவே எங்கோ மாட்டியிருந்தது. எடை பார்த்துப் பயனில்லை, பழசும் அதே 28 கிலோதான்.

தயாரிப்புக் குறியீடு பெரும்பாலும் ஒரு எழுத்தும் எண்ணும்: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர், பக்கத்தில் ஆண்டின் கடைசி எண். அதைச் சுரண்டியிருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அஜோவுக்குத் தெற்கே ஆர்கன் பைப் தேசிய நினைவுப் பூங்கா பக்கம் போகிறவர்கள் இதையெல்லாம் கிளம்பும் முன்பே முடித்துவிட வேண்டும். அங்குள்ள ட்வின் பீக்ஸ் முகாமில் மின் இணைப்பு கிடையாது, ஜெனரேட்டரும் பகலில் சில மணி நேரம் மட்டுமே ஓட்டலாம்.

குறியீட்டை ரசீதில் எழுதச் சொல்லி கார்டில் பணம் கட்டுங்கள், தகராறு வந்தால் வங்கியிடம் கேட்க வழி இருக்கும். பழைய பேட்டரியைக் கொடுக்கும் முன் அதன் குறியீட்டையும், வந்தவரின் வண்டி எண்ணையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். அரிசோனா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் நுகர்வோர் புகார் கொடுக்க அவை வேண்டியிருக்கும்.