சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய டிஷ்வாஷரும் மோட்டார் வைண்டிங் கடையும்

மலேசியாவில் ஈப்போ பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் மாமா வீட்டு டிஷ்வாஷர் பழைய ஐரோப்பிய மாடல். தண்ணீர் ஏறுகிறது, அடியில் உறுமல் கேட்கிறது, தட்டில் ஒரு சொட்டுகூடப் படவில்லை. ஈப்போவிலிருந்து வந்த சர்வீஸ்காரர் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். "போர்டு போச்சுண்ணே, இதுக்கெல்லாம் சாமான் வராது, புதுசு எடுத்துக்குங்க" என்று சொல்லி, வந்த கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடிப்பலகையைக்கூடக் கழற்றவில்லை. அதுதான் ஆத்திரம். போர்டு என்பது இயந்திரத்தை இயக்கும் எலக்ட்ரானிக் பலகை; அது கரண்ட் அனுப்பாவிட்டால் மோட்டார் எப்படி உறுமும்? உறுமியும் சுற்றவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பம்பு இறுகியிருக்கும், அல்லது மோட்டாரைச் சுற்றத் தூண்டும் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கும்.

டவுனில் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பு, மிக்சி, காற்றாடி எல்லாம் பழுதுபார்க்கப் போகும், மோட்டாருக்குக் கம்பி சுற்றித் தரும் வைண்டிங் கடை இன்னும் இருக்கிறது. பெரியவர் விஷயத்தைக் கேட்டதும், "தம்பி, மொதல்ல கையால சுத்திப் பாப்போம்" என்றார். வீடு பூட்டிக் கிடந்தால் பம்பின் அடித்தொட்டி காய்ந்து, சீல் ஒட்டிக்கொள்ளும். பிளக்கைக் கழற்றி, அடிப்பலகையை எடுத்து, மோட்டாரின் பின்பக்க விசிறியை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் தள்ளினார், விட்டுக்கொடுத்தது. அதோடு நிறுத்தவில்லை. கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து மீட்டரில் வைத்தார். மேலே 4 மைக்ரோஃபாரட் என்று இருக்கிறது, மீட்டரில் 2கூட வரவில்லை. அதே 4, 450 வோல்ட் மோட்டார் கெப்பாசிட்டர் அவர் கடையிலேயே இருந்தது. பசியாறும் நேரத்துக்குள் இயந்திரம் ஓடியது.

இங்கிலாந்தில் 2021 ஜூலை முதல் புது மாடல்களுக்குப் பம்பு, ஹீட்டர் போன்றவற்றைக் குறைந்தது 7 ஆண்டு கிடைக்கச் செய்யவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் மோட்டாரைப் பிரித்துப் பார்க்கிற கடை லண்டன் தெருவில் எங்கே? மாமா வீட்டு மெஷினைச் சட்டம் காப்பாற்றவில்லை, பழைய வடிவமைப்பு காப்பாற்றியது. புது இயந்திரங்கள் பலவற்றில் இப்படித் தனியாக மாற்றக்கூடிய மோட்டார் கெப்பாசிட்டரே கிடையாது. மோட்டாரை ஓட்டுவது தனி எலக்ட்ரானிக்ஸ். ஹீட்டரும் பம்போடு ஒட்டியே வரும், ஒன்று போனால் இரண்டையும் வாங்கவேண்டும். பழையதில் ஹீட்டர் தனி: 2000 வாட் என்றால் மீட்டரில் 26 ஓம் வாக்கில் காட்டவேண்டும். முடிவே இல்லாமல் காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது.

கழுவும் திறனில் மட்டும் பழையதற்கு வக்காலத்து வாங்கமாட்டேன். "அந்தக் காலத்து மெஷின் பளபளன்னு கழுவும்" என்பதில் பாதிப் பெருமை அந்தக் காலத்துச் சோப்பில் இருந்த பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் உப்புக்கு உரியது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜனவரியில் டிஷ்வாஷர் சோப்பில் பாஸ்பரஸை ஒரு தடவைக்கு 0.3 கிராமாகக் கட்டுப்படுத்தியது. தேங்காய்ப்பால் கறி, சம்பல் எண்ணெய் போக 65 டிகிரி ஓட்டம் வேண்டும். 50 டிகிரி சிக்கன ஓட்டத்தில் கொழுப்பு ஃபில்டரிலேயே தங்கிவிடும். சோற்றுப் பருக்கையை முதலில் வழித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் ஸ்ப்ரே கையின் துளை அடைக்கும்.

லண்டன் தண்ணீரில் சுண்ணாம்புதான் எதிரி. சுங்கை சிப்புட்டில் தண்ணீர் மென்மையானது, சுண்ணாம்பை நீக்கும் சாஃப்ட்னரை ஆகக் குறைவில் வைத்தால் போதும். சோப்பையும் பாதியாக்குங்கள், மென்மையான தண்ணீரில் கூடுதல் சோப்பு கண்ணாடியை அரித்து நிரந்தரமாக மங்கவைக்கும். அடைமழைக்குப் பிறகு குழாய்த் தண்ணீர் கலங்கினால் தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வு வாயிலிருக்கும் சின்ன வலையைக் கழுவுங்கள். எறும்பு போர்டின் ரிலே என்ற சின்னச் சுவிட்சுக்குள் புகும், அதனால் அடிப்பக்கத்தைச் சுத்தமாக வையுங்கள். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கும் பழைய வழக்கத்தை விடாதீர்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. வீட்டைப் பூட்டிவிட்டு நீண்ட நாள் வெளியூர் போவதாக இருந்தால், சாவி வைத்திருப்பவரிடம் சொல்லி மாதம் ஒருமுறை வெறும் ஓட்டம் ஒன்று விடச் சொல்லுங்கள், சீல் காயாது.