பழைய பிபிசி நிகழ்ச்சிப் பட்டியல்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

2014 அக்டோபரில் 'பிபிசி ஜீனோம்' என்ற பெயரில் வந்த தளம் இது. இப்போது 'பிபிசி ப்ரோகிராம் இண்டெக்ஸ்' என்கிறார்கள். 'ரேடியோ டைம்ஸ்' வார இதழில் 1923 முதல் 2009 வரை அச்சான வானொலி, டிவி நிகழ்ச்சி நிரல்களை இதில் ஏற்றியிருக்கிறார்கள். இலவசம். நான் அதிகம் புழங்குவது இரண்டு உலகப் போர்களுக்கு நடுவிலான காலத்தில்தான், அதனால் என் அபிப்பிராயமும் அந்த அளவோடு நிற்கும்.

புதிதாக வருகிறவர்கள் நேராகத் தேடல் பெட்டிக்குப் போவார்கள். போக வேண்டாம். பழைய அச்சை ஓசிஆர், அதாவது பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், வைத்துப் படித்த எழுத்து இது. பெயர்கள் சிதைந்து கிடக்கும். தமிழ் ஓசிஆரோடு மல்லுக்கட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பிழை இருந்தால் வாசகர்களே திருத்தி அனுப்பலாம் என்று ஒரு வசதி உண்டு, அது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் தளத்தின் ருசி தேதியில்தான் இருக்கிறது. ஒரு நாளை எடுத்து, காலையிலிருந்து இரவு வரை வரிசையாகப் படிக்க வேண்டும்.

1930-களின் நடுவில் ஏதாவது ஒரு வார நாளை எடுங்கள். நாடு முழுமைக்குமான நேஷனல், வட்டாரத்துக்கான ரீஜனல் என்று பிபிசிக்கு இரண்டு அலைவரிசை. காலை 10.15-க்கு வழிபாடு, 1928-இல் தொடங்கிய வழக்கம். பகலில் ஹோட்டல் இசைக்குழு, சினிமா தியேட்டர் ஆர்கன், பள்ளிகளுக்கான பாடம். மாலை 5.15-க்கு பிபிசி இசைக்குழுத் தலைவர் ஹென்றி ஹாலின் நடன இசை. ரீஜனல் பக்கம் போனால் சிறுவர் நேரம். செய்தி மாலையில்தான் தலைகாட்டும். விற்பனை படுத்துவிடும் என்று பத்திரிகை முதலாளிகளும் செய்தி நிறுவனங்களும் போட்ட கட்டுப்பாடு அது. அப்புறம் உரை, கச்சேரி, கடைசியில் நள்ளிரவு வரை நடன இசை. இத்தனைக்கும் கேட்பவர் கட்டியது வருடத்துக்குப் பத்து ஷில்லிங் (அரை பவுண்டு) உரிமக் கட்டணம்.

நாள் கணக்கில் இப்படிப் படித்தால் ஒரு விஷயம் உறைக்கும். உரை என்றால் யார் பேசுகிறார், எதைப் பற்றி, ஏன் கேட்க வேண்டும் என்று பத்தியாகவே எழுதியிருப்பார்கள். நடன இசைக்கு இசைக்குழுவின் பெயர், நேரம், அவ்வளவுதான். ஜான் ரீத் நடத்திய பிபிசிக்கு எது பெருமை, எது சும்மா கூட்டம் சேர்க்க என்பது அந்த வரிகளின் நீளத்திலேயே தெரிந்துவிடும். 1927-இல் உரைப் பிரிவின் தலைமைக்கு வந்த ஹில்டா மாத்தெசன், மேடைப் பிரசங்கம் போல் முழங்காமல் வீட்டில் ஒருவரிடம் பேசுவது போல் பேசப் பேச்சாளர்களைப் பழக்கினார். 1928-இல் சர்ச்சைக்குரிய விஷயங்கள் மீதான தடையும் நீங்கியது. 1929-இல் 'தி லிசனர்' இதழ் வந்து உரைகளை அச்சிட்டது. அதனால் பல உரைகளை இன்றும் முழுதாகப் படிக்கலாம். ஜனங்கள் ஆசையாகக் கேட்ட சிரிப்பும் பாட்டும் பெரும்பாலும் நேரலை, காற்றோடு போய்விட்டன. இந்தத் தளத்தில் ஒலி கிடைக்கும் என்று நம்பி வந்தால், அந்தக் காலத்துக்கு ஏமாற்றம்தான்.

இன்னொரு குறை, இதைக் குறை என்பதா இயல்பு என்பதா தெரியவில்லை. இது முன்கூட்டி அச்சிட்ட திட்டம், நடந்ததன் பதிவு அல்ல. 1930 ஏப்ரல் 18, புனித வெள்ளி. அன்று மாலை அறிவிப்பாளர் "செய்தி எதுவும் இல்லை" என்று சொல்லிவிட, பியானோ வாசித்து நேரத்தை ஓட்டினார்கள். அந்தப் பட்டியலைத் திறந்து இந்தக் கூத்தைத் தேடாதீர்கள். இதழ் அச்சுக்குப் போனபோது யாருக்கும் தெரியாதே!

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். ரீத்தின் ஞாயிறு பக்தி மயமானது: வழிபாடு, கனமான இசை, நடன இசைக்கு இடமில்லை. பட்டியலை மட்டும் நம்பினால், பிரிட்டன் முழுக்க அன்று பிரசங்கம் கேட்டு உட்கார்ந்திருந்தது என்று நினைப்போம். ஆனால் பலர் கடல் தாண்டி ஆங்கிலத்தில் ஒலிபரப்பிய தனியார் நிலையங்களான ரேடியோ நார்மண்டி பக்கமும், 1933-க்குப் பிறகு ரேடியோ லக்ஸம்பர்க் பக்கமும் முள்ளைத் திருப்பியிருந்தார்கள். விளம்பரத்தோடு வந்த ஜாலியான பாட்டு அங்கேதான். அவை பிபிசி நிலையங்கள் இல்லை என்பதால் இந்தப் பட்டியலில் இருக்காது.

தொடங்குவதற்கு இரண்டு தேதி சொல்கிறேன். நேஷனல், ரீஜனல் ஏற்பாடு லண்டனில் அமலுக்கு வந்த 1930 மார்ச் மாதத்தில் ஒரு வார நாள். அடுத்து 1938 ஜனவரி 5, புதன். 'பேண்ட் வேகன்' என்ற வாராந்திர நகைச்சுவை, ஆர்தர் ஆஸ்கியோடு முதல்முறை ஒலிபரப்பான நாள் அது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படியுங்கள்.